திருவிழாவுக்குச் சர்வரைக் கழுவினேன்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து வெட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். ஃபேக்டரி மெஷினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர். வெப் சர்வருக்கு யாரோ எழுதிய மாட்யூலைச் சோர்ஸிலிருந்து கட்டி ஏற்றத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். பெருமைக்குத்தான் சொல்கிறேன். கோலாலம்பூரில் மூன்று வருஷம் ஐடி படித்துவிட்டு வந்தவன் இதைக்கூடச் சொல்லிக்கொள்ளாவிட்டால் எப்படி?

ஆரம்பித்தது போன வருஷத் திருவிழாவில். எங்கள் மாரியம்மன் கோயில் பூஜையை, எல்லோரும் பயன்படுத்தும் ஒரு தளத்தில் போனை வைத்து லைவ் போட்டோம். தீபாராதனை காட்டும் நேரத்தில் படம் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் ஓடிய பக்திப் பாட்டு யாருக்கோ சொந்தமானதாம், அதனால் தளமே லைவை நிறுத்திவிட்டது. சிங்கப்பூருக்கும் கிள்ளானுக்கும் வேலைக்குப் போன எஸ்டேட் பிள்ளைகள் எல்லாம் கிராணிக்குப் போன் போட்டு ஏசினார்கள். கிராணி என்றால் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க். கோயிலுக்கும் அவர்தான் செயலாளர்.

இந்த வருஷக் கூட்டத்தில் அவர் முதலில் பேசியதே அதைப் பற்றித்தான்.

"லைவ் எல்லாம் கிடையாது. போன வருஷம் வாங்குன ஏச்சு அடுத்த ஜென்மத்துக்கும் போதும்."

நான் கடைசி வரிசையிலிருந்து எழுந்தேன். "நம்ம கோயில் வெப்சைட்லயே போடலாம் ஐயா. நம்ம சர்வர். ஒரு பய கட் பண்ண முடியாது."

"எந்த வெப்சைட்? அன்னதானம் மத்தியானம் பன்னண்டுக்குனு எழுதச் சொன்னா ராத்திரி பன்னண்டுனு போட்டு வச்சிருக்கியே, அதுவா?"

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "அதையும் மாத்துறேன். லைவும் போடுறேன்."

"போலேயா?"

"போலே லா ஐயா."

போலே, அதாவது முடியும், என்று நான் அவ்வளவு அழுத்திச் சொன்னதற்குக் கூட்டத்தில் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அக்கா.

அக்கா ஈப்போவில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். ஏழாவது மாசம். முன்பு இரண்டு தடவை பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாவது மாசத்திலேயே அவள் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள்: திருவிழா வரைக்கும் பிள்ளை தங்கட்டும், என் புருஷன் பால்குடம் எடுத்து ஊற்றுவதை என் கண்ணால் பார்க்கிறேன் என்று. அவள் புருஷன், அதாவது என் மச்சான், எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டுகிறார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பேச்சு என்று யாரோ அளந்து கொடுத்த மாதிரி பேசுவார்.

மச்சான் ஊற்ற வேண்டும் என்று மட்டும் வேண்டியிருந்தால் பிரச்சினையே இல்லை. என் கண்ணால் என்று சேர்த்துவிட்டாள். அந்தக் கண்ணோ மலைக்குக் கீழே, வளைந்து வளைந்து இறங்கும் ரோட்டில் இரண்டு மணி நேரம் தள்ளி இருந்தது.

"வேண்டுனது வேண்டுனபடி நடக்கணும்," என்றாள் அம்மா. "அரைகுறையா செஞ்சு ஆத்தாள ஏமாத்த முடியாது."

"வீடியோ கால் போட்டா போச்சு," என்றேன் நான்.

போட்டும் பார்த்தோம். கோயில் பள்ளத்தில் இருக்கிறது, சுற்றி நாலு பக்கமும் தேயிலை மலை. எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஆன்டெனா வைத்து இழுத்த வைஃபை ஒன்று உண்டு. அது வரும், நிற்கும், யோசிக்கும், மறுபடி வரும். அக்காவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. "நீங்க எல்லாரும் பேய் மாதிரி தெரியுறீங்கடா," என்றாள் அவள், உடைந்த வாயால்.

அதனால்தான் மாட்யூல். வீடியோ கால் உடனே வரும், ஆனால் உடைந்து வரும். நான் நினைத்தது வேறு. கோயிலிலிருந்து போன் கேமராவின் படத்தை, வாடகைக்கு எடுத்து வைத்திருக்கும் எங்கள் சர்வருக்கு அனுப்புவது. சர்வர் அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிச் சேர்த்து வைத்து, கொஞ்சம் தாமதமாக அக்காவின் போனுக்குக் கொடுக்கும். லேட்டாக வரும், முழுசாக வரும்.

ஆனால் எங்கள் வெப் சர்வருக்குப் பக்கம் காட்டத்தான் தெரியும், லைவ் வாங்கத் தெரியாது. அதற்கு அந்த வித்தையைக் கற்றுக்கொடுக்கும் மாட்யூல் ஒன்றை எங்கேயோ இருக்கும் ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாகப் போட்டிருக்கிறான். எங்கள் சர்வருக்கு ரெடிமேடாகக் கிடைக்கவில்லை. வெப் சர்வரின் சோர்ஸை இறக்க வேண்டும், மாட்யூலின் சோர்ஸைப் பக்கத்தில் வைக்க வேண்டும், இரண்டையும் சேர்த்து நாமே கம்பைல் பண்ண வேண்டும். கடைசியில் ஒரே ஒரு ஃபைல் வெளியே வரும். அதைச் சர்வரில் மாட்டினால் முடிந்தது. ஒரே நிபந்தனை, இறக்கும் சோர்ஸும் ஓடுகிற சர்வரும் ஒரே வெர்ஷனாக இருக்க வேண்டும். கொழுந்து வெட்டுகிற மெஷினின் பிளேடு மாதிரி. பழைய மாடல் பிளேடும் புது மாடல் பிளேடும் பார்க்க ஒன்றாகத்தான் இருக்கும். மாட்டும்போதுதான் ஓட்டை ஒரு விரல் தள்ளி இருப்பது தெரியும்.

ஒரே சாயங்காலத்தில் கட்டி முடித்தேன். திரையில் வரி வரியாக ஓடி, எர்ரர் இல்லாமல் நின்றபோது நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்று ஆடினேன். மாட்யூலை ஏற்றி, போனைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மலையைக் காட்டி, அம்மாவின் போனிலிருந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"தெரியுதா?"

"தெரியுதுடா. செடி ஆடுறது வரைக்கும் தெரியுது. மேல யாரு அது, மருந்து அடிக்கிறது?"

"யாரும் இல்லையே. அப்பவே போயிட்டாரு."

"இருக்காருடா, தெரியுது."

"அது இருபது செகண்டுக்கு முந்தி. உனக்கு எல்லாம் இருபது செகண்ட் லேட்டாத்தான் வரும்."

"பரவால்ல. நான் எங்கயும் ஓடப் போறதில்ல," என்றாள்.

அடுத்து காப்புக் கட்டு. பூசாரி மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை எஸ்டேட் எல்லையைத் தாண்டி எங்கேயும் தங்கக்கூடாது. பால்குடம் எடுப்பவருக்கு அதைவிடக் கெடுபிடி. எல்லையையே தாண்டக்கூடாது. அதிலும் பிரசவ வார்டு தீட்டு. கயிறு கட்டிய அன்றிலிருந்து மச்சான் அக்காவைப் பார்க்கப் போகவில்லை. தினமும் வேலை முடிந்ததும் என்னிடம் வந்து நின்று, "அது ஓடுதா?" என்று கேட்பார். "ஓடுது மச்சான்" என்பேன். போய்விடுவார். மாட்யூல் என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. அது. அவ்வளவுதான்.

காப்புக் கட்டிய வாரத்தில் எங்கள் லயத்துக்கே, அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளுக்கே, சுத்தம் பிடித்துக்கொள்ளும். பிரிஞ்சாங் டவுனிலிருந்து சுண்ணாம்பும் பெயின்டும் வந்தன. அம்மா வீட்டிலிருந்த சாமான் முழுவதையும் வாசலில் இறக்கிக் கழுவினாள். பழைய பாய், கிழிந்த தலையணை, கைப்பிடி போன சட்டி எல்லாம் குப்பைக்குப் போயின. நான் மட்டும் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஊரே கழுவுது. தொரை மட்டும் பொட்டிய தட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு."

"நானும் கழுவத்தாம்மா போறேன்."

"எதை?"

"சர்வரை."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே கழுவினேன். காத்திருந்த அப்டேட் எல்லாவற்றையும் ஏற்றினேன். தேவையில்லாத பேக்கேஜ்களைத் தூக்கினேன். மாட்யூல் கட்டிய ஃபோல்டர் சும்மாதானே கிடக்கிறது என்று அதையும் அழித்தேன். எல்லாம் முடிந்து பார்த்தால் வெப்சைட் ஓடியது, லைவும் ஓடியது. அம்மாவின் சமையற்கட்டைவிட என் சர்வர் பளபளப்பாக இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

திருவிழா அன்று காலை பனி தரையோடு கிடந்தது. கோலா தெர்லாவிலிருந்து வந்த காய்கறி லாரியைக் கியா பார்ம் தோட்டத்துப் பூவால் சோடித்து அம்மன் ரதமாக நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் போனால் இன்னும் லேசாக முட்டைக்கோஸ் வாசம் வந்தது. பால்குட ஊர்வலம் கீழே ஆற்றோரத்திலிருந்து எட்டு மணிக்குக் கிளம்பும், லயம் லயமாக ஏறி ஒன்பதரைக்குள் கோயிலுக்கு வந்துவிடும். நான் கோயில் ஆபீஸ் அறையில், அன்னதான அரிசி மூட்டைகளின் மேல் லேப்டாப்பை வைத்தேன். மூலஸ்தானத்துக்கு எதிரே பந்தல் காலில் போனைக் கட்டியாயிற்று. கீழே உறுமி கேட்டது. எல்லாம் புதுசாக ஆரம்பிக்கட்டும் என்று சர்வரை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தேன்.

எழுந்திருக்கவில்லை.

மறுபடி அடித்தேன். எழுந்திருக்கவில்லை. லைவ் மட்டுமா, கோயில் வெப்சைட்டே இல்லை. மாட்யூல் வெர்ஷன் பொருந்தவில்லை என்று ஒரு வரி வந்து நின்றது. நான் அதைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. ஃபைல் கெட்டுப்போயிருக்கும், மறுபடி கட்டினால் போச்சு, ஏற்கெனவே கட்டினவன்தானே என்று முழு நம்பிக்கையோடு சோர்ஸை இறக்கினேன். போன தடவை இறக்கிய அதே நம்பர் வெர்ஷனை, மனப்பாடமாக. கம்பைலரே இல்லை என்றது. கழுவியபோது தூக்கியிருந்தேன். அதை ஏற்றினேன். அடுத்து ஒரு லைப்ரரி இல்லை என்றது. அதையும் ஏற்றினேன். வைஃபை இரண்டு தடவை விழுந்து எழுந்தது. கட்டி முடித்து மாட்டினால், அதே வரி.

அப்போதுதான் படித்தேன். இந்த மாட்யூல் பழைய வெர்ஷனுக்குக் கட்டியது, ஓடப்போகும் சர்வர் புதிய வெர்ஷன். இரண்டு நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டியிருந்தது. அதைவிடத் தெளிவாக ஒரு மெஷினால் சொல்ல முடியாது. கழுவிய அன்று சர்வரே புது வெர்ஷனுக்கு மாறியிருக்கிறது. பழையது மெமரியில் ஓடிக்கொண்டே இருந்ததால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரிந்திருக்கிறது. இன்று காலை நானே அதை நிறுத்திவிட்டேன்.

கிராணி கதவில் நின்றார். புது வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் போன். "டேய், வெப்சைட்டக் காணோம்னு சிங்கப்பூர்லேர்ந்து கூப்புடுறானுங்க. யாரு கை வச்சது?"

தானாக அப்டேட் ஆகிவிட்டது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் உறுமிச் சத்தம் முதல் லயத்தைத் தாண்டியது.

"நான்தான் ஐயா. திருவிழாவுக்குக் கழுவி விட்டேன்."

"என்னத்தக் கழுவுன?"

"சர்வரை. புது வெர்ஷன் ஏறிடுச்சு. மாட்யூல் பழசு. கட்டுன ஃபோல்டரையும் அழிச்சிட்டேன்."

கிராணி என்னைப் பார்த்தார், அரிசி மூட்டையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "கோயிலக் கழுவுறப்ப சாமியையாடா தூக்கிக் குப்பைல போடுவாங்க?"

நான் லேப்டாப் பக்கம் திரும்பினேன்.

"ஒங்கக்கா பாக்கணுமில்ல?"

"ஆமா ஐயா."

"எவ்வளவு நேரம் வேணும்?"

"அரை மணி நேரம். லைன் விழலன்னா."

"ஊர்வலம் இன்னும் கா மணியில வந்துரும்." போனைக் காதில் வைத்துக்கொண்டே வெளியே நடந்தார். மேல் லயத்தில் இருந்த தன் மனைவியிடம் பேசுவது கேட்டது. "இந்தா பாரு, பால்குடம் வருதில்ல, ஒரு வீடு விடாம ஆலாத்தி எடுக்கச் சொல்லு. ஒரு வீடு விடாம. மஞ்சத் தண்ணி ஊத்தி நிதானமா காலு கழுவச் சொல்லு. ஏன்னு கேட்டா ஐயா சொன்னாருனு சொல்லு."

வழக்கமாக லயத்துக்கு ஒரு வீட்டில்தான் ஆலாத்தி எடுப்பார்கள். அன்று பதினெட்டு வீடும் தட்டோடு வாசலில் நின்றன. மச்சானின் கால் அவ்வளவு சுத்தமாக என்றைக்கும் இருந்ததில்லை என்று அம்மா பிறகு சொன்னாள்.

நான் இந்தத் தடவை மனப்பாடத்தை நம்பவில்லை. சர்வரிடமே கேட்டேன், நீ எந்த வெர்ஷன், எந்தெந்த ஆப்ஷனோடு உன்னைக் கட்டினார்கள் என்று. அது சொன்னதை அப்படியே காப்பி செய்தேன். அதே வெர்ஷன் சோர்ஸ். பக்கத்தில் மாட்யூல். எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும் கன்ஃபிகர் ஓடியது. இன்னொரு லைப்ரரி இல்லை என்றது, ஏற்றினேன். மறுபடி கன்ஃபிகர். பிறகு கட்டும் கட்டளை, மேக். வரிகள் ஓட ஆரம்பித்தன. அந்த நேரம் பார்த்து வைஃபை விழுந்தது. பரவாயில்லை, வேலை நடப்பது சர்வரில், எனக்கு ஜன்னல்தான் மூடியிருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தொடர்பு அறுந்தாலும் வேலை நிற்காதபடிதான் இந்தத் தடவை ஓடவிட்டிருந்தேன். அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது. வைஃபை எழுந்து உள்ளே போய்ப் பார்த்தபோது ஃபைல் தயாராக இருந்தது.

மாட்டினேன். ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் செட்டிங் ஃபைல் சரியா என்று சோதித்தேன், பிறந்ததிலிருந்தே ஜாக்கிரதைக்காரன் மாதிரி. சரி என்றது. ரீஸ்டார்ட். எழுந்தது.

ஆபீஸை விட்டு ஓடி வந்தால் மச்சான் வாசல் படியில் ஏறிக்கொண்டிருந்தார். தலையில் குடம், உடம்பெல்லாம் மஞ்சள் தண்ணி. பந்தல் காலுக்குப் போய் லைவை ஆன் செய்துவிட்டு அம்மாவின் போனில் அக்காவுக்குச் சாதாரண கால் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பேச்சுக்கு மட்டும் இந்தப் பள்ளத்தில் கொஞ்சம் லைன் உண்டு.

"சுத்திக்கிட்டே இருக்குடா," என்றாள். திரையில் அந்த வட்டம் சுற்றுவதைச் சொல்கிறாள். குரல் சரியில்லை. காலையிலிருந்து அவள் பார்த்ததே அந்த வட்டத்தைத்தான்.

எங்கள் கோயிலில் பால்குடம் எடுத்தவரே அம்மன் மேல் ஊற்றலாம். மச்சான் சிலைக்கு முன்னால் போய் நின்றார். பூசாரி, "ஊத்து தம்பி," என்றார். மச்சான் ஊற்றவில்லை. குடத்தை இறக்கவும் இல்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"பாக்குறாளா?"

"இன்னும் இல்ல மச்சான். ஒரு நிமிஷம்."

"சரி." நின்றார்.

பின்னால் இருபது பால்குடம். யாரோ ஒருவர், "என்னப்பா, ஊத்தப் போறியா, போட்டோ புடிக்கப் போறியா?" என்றார். இன்னொருத்தி, "பாலு மோராயிடும் லா," என்றாள். மச்சான் காதில் எதுவும் ஏறவில்லை. ஒலிபெருக்கியில் போன வருஷம் லைவை நிறுத்திய அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"வந்துருச்சு!" என்றாள் அக்கா. "பந்தல் தெரியுது. அம்மா தெரியுது. அவரு... தலையில வச்சிட்டு நிக்கிறாரு. ஏன்டா சும்மா நிக்கிறாரு?"

"உனக்காகத்தான்," என்றேன். மச்சானைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

அவர் குடத்தை இறக்கினார். மேலே செருகியிருந்த வேப்பிலையை எடுத்தார். பாலை மெதுவாக, ஒரே சீராக அம்மன் தலையில் ஊற்றினார். கடைசிச் சொட்டு வரைக்கும். அம்மா குலவை போட்டாள். முடிந்தது.

ஆனால் மச்சான் நகரவில்லை. காலிக் குடத்தைக் கவிழ்த்தபடியே பிடித்துக்கொண்டு என் கையிலிருந்த போனையே பார்த்தார். இருபது செகண்ட் விஷயத்தை அவரிடம் நான் சொன்னதே இல்லை. அக்கா சொல்லியிருக்க வேண்டும்.

"தம்பி, நகரு. பின்னாடி ஆளு நிக்கிறாங்க," என்றார் பூசாரி.

ஈப்போவில் இன்னும் பால் விழவில்லை.

"எறக்குறாரு," என்றாள் அக்கா. "வேப்பிலைய எடுக்குறாருடா. பாலு தெரியுது." குரல் உயர்ந்தது. "ஊத்துறாரு." அழுகிறாள் என்பது தெரிந்தது. நர்ஸ் யாரோ என்ன ஆச்சு என்று, "கெனாபா, புவான்?" எனக் கேட்டது தூரத்தில் விழுந்தது. அக்கா மலாயில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள். "முடிஞ்சிருச்சுடா. பாத்துட்டேன்."

மச்சான் குடத்தை நிமிர்த்தினார்.

"முழுசா பாத்தாளா?"

"முழுசா மச்சான். ஒரு கட்டம்கூட உடையல."

அவர் ஈரக் கையால் என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார்.

"அப்ப நகரு. பின்னாடி ஆளு நிக்கிறாங்க."